இரைச்சலைக் குறைக்கும் கணக்கு

நில அதிர்வு பற்றிய எளிய விளக்கங்களில் ஒரு விதி அடிக்கடி தென்படுகிறது. ஓர் அதிர்வுமானிக்குப் பதில் நூறு அதிர்வுமானிகளை நிலத்தில் பதித்து, அவற்றின் பதிவுகளைக் கூட்டிச் சராசரி கண்டால், பின்னணி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடுமாம். நூறின் வர்க்கமூலம் பத்து அல்லவா? விதி பிழையன்று. அதன் நிபந்தனையைச் சொல்லாமல் விடுவதுதான் பெருங்குறை.

அந்த நிபந்தனை என்ன? ஒரு கருவியில் பதியும் இரைச்சலுக்கும் மற்றொன்றில் பதியும் இரைச்சலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அப்போதுதான் ஒன்றின் மேட்டை இன்னொன்றின் பள்ளம் ஓரளவு ஈடு செய்யும். எல்லாக் கருவிகளும் சேர்ந்தே ஏறி இறங்கினால், எத்தனை கருவிகளைக் கூட்டினாலும் இரைச்சல் குறையாது.

இது வெறும் ஏட்டுச் சந்தேகமா? அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தைப் பாருங்கள். பூமிக்கடியில் நடத்தப்படும் அணுகுண்டுச் சோதனைகளைத் தொலைவிலிருந்தே கண்டறிய, 1965-இல் அங்கே 'லாசா' என்னும் அணி அமைக்கப்பட்டது. சுமார் 200 கி.மீ. அகலப் பரப்பில், 21 குழுக்களாக, 525 அதிர்வுமானிகள் ஆழ்துளைகளில் இறக்கப்பட்டன. வர்க்கமூலக் கணக்குப்படி ஆதாயம் 23 மடங்கு. கிடைத்ததோ அதைவிடக் குறைவு.

காரணம் இரண்டு. ஒவ்வொரு குழுவிலும் 25 கருவிகள் சுமார் 7 கி.மீ. அகலத்துக்குள் நெருங்கி நின்றன. இரைச்சலும் ஓர் அலைதான். விநாடிக்கு ஒரு முறை அதிர்ந்து, 3 கி.மீ. வேகத்தில் செல்லும் அலையின் நீளம் 3 கி.மீ. எனவே அருகருகே உள்ள கருவிகள் ஏறத்தாழ ஒன்றாகவே அசையும். சரி, விலக்கி வைக்கலாமே என்கிறீர்களா? தொலைவிலுள்ள குழுக்களின் அடியில் பாறை அமைப்பு வேறுபடுவதால், நாம் தேடும் சமிக்ஞையின் வடிவமே மாறிவிடுகிறது. கூட்டும்போது அதுவும் தேய்கிறது.

லாசா 1978-இல் மூடப்பட்டது. 1984-இல் நார்வேயில் எழுந்த 'நோரெஸ்' அணியில் இருந்தவை 25 இடங்கள் மட்டுமே; அகலம் 3 கி.மீ. அங்கே இரைச்சலின் தொடர்பை முன்கூட்டியே அளந்து, ஓரிடம் ஏறும்போது இன்னோரிடம் இறங்கும்படியான இடைவெளிகளைத் தேர்ந்தார்கள். சில அதிர்வெண்களில் வர்க்கமூல விதி தரும் ஆதாயத்தையும் மிஞ்சிய ஆதாயம் கிடைத்தது! எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

'பயனற்ற இரைச்சல்' என்னும் சொல்லையும் நாம் கைவிட வேண்டும். அதில் பெரும் பகுதி கடலலைகள் நிலத்தில் எழுப்பும் அதிர்வு. இரண்டு நிலையங்களில் பதிந்த இரைச்சலை ஒப்பிட்டால், அலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எடுக்கும் நேரம் தெரியும். 2005-இல் ஷபீரோ, காம்பீயோ முதலிய அறிஞர்கள் ஒரே மாதத்து இரைச்சலைக் கொண்டு, தெற்குக் கலிபோர்னியாவின் அடிநிலத்தைப் படமாக வரைந்தார்கள். நிலநடுக்கத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே, மாணவர்களே, வர்க்கமூல விதியை எங்கே கண்டாலும் முதலில் கேளுங்கள்: இந்த இரைச்சல்களுக்குள் தொடர்பு உண்டா, இல்லையா? அந்தக் கேள்விக்கு விடை தராத பாடம் பாதிப் பாடமே.