கங்கா சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வெளிவந்தபோது, சண்டை முழுக்க கதையில் வரும் அம்மாவைப் பற்றித்தான். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒரு பெரிய காரில் ஏறுகிறாள். சீரழிக்கப்பட்டு, வாயில் சூயிங்கத்தோடு வீடு திரும்புகிறாள். அம்மா அதைத் துப்பச் சொல்லி, தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள். முடிவைப் பொறுக்காத சிலர் அதே கதைக்கு வேறு முடிவு எழுதிப் பார்த்தார்கள்.

ஜெயகாந்தனும் எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்து, 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அந்த இன்னொரு முடிவுதான். இதில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கங்கா. அம்மா அலறி ஊரைக் கூட்டுகிறாள், அண்ணன் வெளியே தள்ளுகிறான், அடைக்கலம் தந்து படிக்கவைக்கும் வெங்கு மாமாவோ அவள்மீதே கண்வைக்கிறார். பல வருஷம் கழித்து, உத்தியோகத்தில் இருக்கும் கங்கா ஒரு பத்திரிகையில் தன் கதையையே படிக்கிறாள். எழுதியவர் ஆர்.கே.வி. எல்லாம் சரி, முடிவு மட்டும் தப்பு. ஜெயகாந்தன் தன் புகழ்பெற்ற கதையை, விவரம் தெரியாத ஓர் எழுத்தாளனின் கற்பனையாக்கித் தன் கதாநாயகியைக் கொண்டே மறுக்கவைப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். தமிழில் வேறு யார் இதைச் செய்திருப்பார்கள்?

ஆனால் கங்காவை மட்டும் ஏன் அப்படியே நம்பவேண்டும்? 1955-ல் பாரிஸில் வெளியான நபக்கோவின் ‘லொலிட்டா’வில் கதை சொல்பவனான ஹம்பர்ட் குற்றவாளி. அதனால் முதல் பக்கத்திலிருந்தே உஷாராக இருக்கிறோம். இங்கே பேசுவது பாதிக்கப்பட்டவள். இரக்கம் நம் சந்தேகத்தை மழுக்கிவிடுகிறது. முடிந்தால் அவனைத் தேடிப் பிடி என்று மாமா குத்திக்காட்டியதற்காகவே காரில் வந்த அந்தப் பிரபுவைத் தேடிப்போனதாக அவள் சொல்கிறாள். அவனுடைய வைப்பு என்ற பேரை ஒரு கவசமாக மாட்டிக்கொள்கிறாள். வெறும் கவசம் என்றால், அவன் ஒதுங்கியதும் ஏன் குடியில் விழுகிறாள்? பற்று எப்போது பித்தானது என்பதை அவள் கடைசிவரை சொல்வதில்லை. நாவலின் ஆகச் சிறந்த பகுதி அந்தச் சொல்லாத இடம்தான்.

சறுக்குவதும் அதற்குப் பக்கத்திலேயே. சொல்பவள் ஏமாறலாம், எழுதுபவன் அவளிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்கவேண்டும். ஜெயகாந்தனால் அது முடியவில்லை. ஆழ்வார்பேட்டையில் ‘மடம்’ எனப்பட்ட தன் இடத்தில் நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்துப் பேசியவரின் குரல், கங்காவின் பிராமண வீட்டுப் பேச்சுக்குள் அடிக்கடி புகுந்து வாதாடுகிறது. பிரபு விவரமில்லாத குழந்தை என்று அவள் நினைப்பது காயத்தின் விளைவா, ஆசிரியரின் தீர்ப்பா? ஹம்பர்ட் எவ்வளவு மினுக்கினாலும் அவன் சீரழித்த சிறுமியின் இரவு அழுகை அவன் வாயிலிருந்தே கசிந்துவிடும். இங்கே அப்படி எதுவும் கசிவதில்லை. பிரபுவின் மகள் மஞ்சு வந்தபிறகு அவன்மேல் நமக்குப் பரிதாபம் கூடுகிறது, காரில் நடந்த வன்முறையோ பக்கத்துக்குப் பக்கம் கரைந்து வெறும் விதியாகிவிடுகிறது. 1977-ல் பீம்சிங் எடுத்த படமும் இதைச் சரிசெய்யவில்லை. அதில் கங்காவாக நடித்த லட்சுமியின் முகம்தான் பல இடங்களில் கங்காவின் பேச்சைவிட அதிகம் சொல்கிறது.

இந்த நாவலில் யாரும் விசாரிக்காத சாட்சி ஒருத்தி உண்டு. அச்சில் வந்த கதையைப் படித்துவிட்டு, நான் இப்படிச் செய்யாமல் போனேனே என்று உடைகிற அம்மா. அன்று அவள் தெருவே கேட்கும்படி அலறினாள் என்பதும் நமக்குக் கங்கா சொல்லித்தான் தெரியும். அந்த அம்மாமேல் பல வருஷத்துக் கோபம் அவளுக்கு.