வெட்டிய பதினோரு நிமிடம்

ஒரே பாட்டு, 63 நிமிடம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயைச் சேர்ந்த 'ஸ்லீப்' என்ற மூவர் குழு 1996இல் ஒலிப்பதிவு செய்த 'டோப்ஸ்மோக்கர்' இதுதான். இதை எப்படி விற்பது என்று கையைப் பிசைந்த லண்டன் ரெக்கார்ட்ஸ், வெளியிட மறுத்தது. குழு கலைந்தது. 52 நிமிடமாகச் சுருக்கி, ஆறு துண்டாக நறுக்கிய வடிவத்தை 1999இல் வேறு நிறுவனங்கள் 'ஜெருசலேம்' என்ற பெயரில் வெளியிட்டன. நீண்ட வடிவம் 2003இல்தான் வந்தது. அப்போது அதை வாசிக்க ஸ்லீப் என்றொரு குழுவே இல்லை.

நான் முதலில் கேட்டது சுருக்கிய வடிவத்தை. நல்லாத்தான் இருந்தது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தாலே கை அரிக்கும், ஒன்றைத் தூக்கிவிடுவான். மேட் பைக்கின் கிதார் ஒரே ரிஃபைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது, இதில் பதினோரு நிமிடம் போனால் குடியா முழுகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

முழுசாகக் கேட்டபிறகுதான் என் தப்பு புரிந்தது. பாட்டின் கதை ரொம்ப எளிது: கஞ்சாவைப் புனிதமாகக் கொண்ட ஒரு கூட்டம் பாலைவனத்தில் புனித நகரம் நோக்கி நடக்கிறது. அல் சிஸ்னெரோஸின் குரல் வரவே எட்டு நிமிடத்துக்கு மேலாகிறது. அந்த நேரம் முன்னுரை இல்லை, நடை. பிறகு அதே ரிஃப் திரும்பும்போது ரிஃப் மாறியிருக்காது, கேட்கிற நாம் களைத்திருப்போம். சுருக்கினாலும் போய்ச்சேரும் ஊர் அதேதான். ஆனால் நடையைப் பற்றிய பாட்டில் தூரத்தைக் குறைத்தால் மிச்சம் என்ன?

'மூல வடிவம்' என்று கும்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய டேப் சுருளில் 22 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் இந்த 63 நிமிடமும் ஒரே மூச்சில் வாசித்ததில்லை. தயாரிப்பாளர் பில்லி ஆண்டர்சனோடு பகுதி பகுதியாகப் பதிந்து ஒட்டியது. இரண்டு வடிவத்திலும் கத்தரிக்கோல் பட்டிருக்கிறது. ஒன்றில் அது பாட்டை நீளவிடுவதற்காக, இன்னொன்றில் குறைப்பதற்காக. மீட்பது என்றால் கைபடாத டேப்பைத் தேடுவது இல்லை. அந்த மூவரும் நடக்க நினைத்த தூரத்தைத் திருப்பிக் கொடுப்பது.

அவர்கள் இழந்த வருடங்களை எந்த மறுவெளியீடும் திருப்பித் தராது. நம்மால் முடிந்தது ஒன்றுதான். ஒரு ராத்திரி போனைத் தள்ளி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டுப் பாருங்கள். பாதியில் சலிப்பு வரும். வரட்டும், நிறுத்தாதீர்கள்.