இரு இமாம்கள்

படம் பார்க்கலாமா என்னும் வினாவை நாம் இங்கே எடுக்கவில்லை. அதில் முடிவு கண்டோரும் காணாதோரும் நம் வீடுகளில் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனர். நாம் கேட்பது வேறு. ஒரு முஸ்லிம் சமூகத்தின் பிள்ளையே அச்சமூகத்தின் ஆலிமைக் குற்றவாளியாகத் திரையில் நிறுத்தினால், அதனை எவ்வாறு அளப்பது?

இவ்வினா எழுதற்குரிய ஊர், புர்க்கினா பாசோவின் தலைநகரான உவாகடூகு. அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆப்பிரிக்கர் தம் படங்களைத் தாமே திரையிட்டு மதிப்பிடும் ஃபெஸ்பாகோ விழா அங்கே 1969இல் தோன்றியது. அதற்குமுன் அவர்தம் அரங்குகளில் ஓடியவை பெரும்பாலும் அயலார் படங்களே. நம் நாட்டு இந்திப் படங்களும் அவற்றுள் அடக்கம். 1972இல் விழாவின் முதற் பெரும்பரிசைப் பெற்றவர் நைஜர் நாட்டு உமரு கண்டா. ஹஜ்ஜு முடித்துத் திரும்பிய ஒருவர், வேறொருவனை விரும்பும் இளம்பெண்ணை மேலும் ஒரு மனைவியாக்க முனைவதே அவர் படத்தின் கதை. கன்னிப்பெண்ணிடமும் இசைவு கேட்கவேண்டும் என்னும் நபிமொழியை ஓதிய எவரும் இதன்மேல் சினங்கொள்ள இயலாது.

விழாவின் தோற்றத்தில் பங்கு கொண்ட செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனின் ‘செத்தோ’ (1977) அத்துணை எளிதன்று. அதில் வரும் இமாம் அரசவையைக் கைப்பற்றுகிறார். மக்களின் தலையை மழித்துப் புதுப்பெயர் சூட்டுகிறார். ஈற்றில் இளவரசியால் சுடப்பட்டு மாள்கிறார். செம்பேன் கலைஞர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகளை ஓர் ஊரில் அடக்கியதால் நீதி பிறழ்ந்தது. அரபியில் கஸீதாக்கள் யாத்து, வாளேந்தாது வாழ்ந்த அஹ்மது பம்பாவைப் பிரெஞ்சுக்காரர் 1895இல் காபோனுக்கு நாடுகடத்தியதும் அதே செனகலிலிருந்துதான். அத்தகைய ஆலிமுக்கு அப்படத்தில் ஓர் ஓரமும் இல்லை. இது நம் மறுப்பு. தடை என்பது மறுப்பாகாது. கத்தோலிக்கரான அதிபர் செங்கோர், தலைப்பில் ஒரு ‘த’கர எழுத்தா இரண்டா என்னும் எழுத்திலக்கணத்தைக் காட்டி அதனைத் தடுத்தார்! நம் மதரஸாவில் நஹ்வு படித்த நாள்களில்கூட இத்துணைக் கடுமையை நாம் கண்டதில்லை.

செம்பேனுக்குரிய விடை மற்றொரு படத்திலிருந்து வந்தது. மூரித்தானியாவில் பிறந்து மாலியில் வளர்ந்த அப்துர்ரஹ்மான் சிஸ்ஸாகோவின் ‘திம்புக்து’ (2014), ஆயுதக் குழுவினர் அந்நகரைப் பிடித்த 2012ஆம் ஆண்டின் கதை. செருப்புக் காலோடும் துப்பாக்கியோடும் பள்ளிவாசலுள் நுழைந்தோரை அதன் இமாம் குரல் உயர்த்தாமல் வெளியேற்றுகிறார். பின்னர், வலியின்றி ஒரு பெண்ணை மணமுடித்துக்கொண்டது எச்சட்டப்படி என்று அக்குழுவின் தலைவனிடமே சென்று கேட்கிறார். வாதாடுவது மார்க்க நூல்களைக் கொண்டே. ஓர் ஆலிமை இத்துணைக் கண்ணியத்தோடு காட்டிய படத்தை நாம் வேறு அறியோம்.

2015 விழாவில் பாதுகாப்பு அச்சத்தால் அதனை விலக்கிவிடவும் எண்ணினர். பின்னர்க் கடுங்காவலுடன் திரையிட்டனர். செம்பேன் 2007லேயே மறைந்துவிட்டார். இவ்விரு இமாம்களையும் எதிரெதிரே அமர்த்தி அவரோடு வாதாடும் வாய்ப்பு எவருக்கும் கிட்டவில்லை.