தொடுப்பும் ஓடையும்: சுயஎழுத்தின் உறவு யாருடையது?

வலைப்பதிவை 'நடுத்தர வர்க்கத்தின் நாட்குறிப்புப் புலம்பல்' என்று நம் இலக்கியவாதிகள் அன்று ஒரே வரியில் ஒதுக்கினார்கள். இன்று அவர்களில் சிலரே 'அப்பல்லாம் எவ்வளவு சிநேகம் கெடச்சுது' என்று பெருமூச்சு விடுகிறார்கள். இரண்டுமே பிரச்சினையைத் தொடவில்லை. சுயத்தை எழுதுவதன் வழியே உறவு உருவாகிறது என்றால், அந்த உறவின் உற்பத்திச் சாதனம் யார் கையில் இருக்கிறது? கேட்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஈரானியரான ஹுசைன் தெரக்‌ஷானை எடுத்துக்கொள்வோம். பாரசீக மொழியில் வலைப்பதிவது எப்படி என்று 2001இல் கனடாவிலிருந்து ஒரு கையேடு எழுதினார். அதைப் படித்து ஏராளமானோர் எழுத வந்தார்கள். 2008இல் தெஹ்ரானில் கைதானார், ஆறாண்டுச் சிறை. 2014இல் வெளியே வந்தவர், தான் எழுதிய ஒன்றுக்கு முகநூலில் தொடுப்புக் கொடுத்தார். விழுந்தவை மூன்றே மூன்று விருப்பக்குறிகள். 2015இல் எழுதிய கட்டுரையில், தொடுப்பின் இடத்தை 'ஓடை' பிடித்துக்கொண்டது என்றார். நிறுவனம் தேர்ந்து தள்ள, நம் கண்முன் முடிவின்றி ஓடும் இடுகைகளின் ஓடை. அரசு அவர் உடலை அடைத்துவைத்திருந்த காலத்தில், நிறுவனங்கள் அவருடைய வாசகர்களைத் தமக்குள் அடைத்துவிட்டிருந்தன.

தொடுப்பு என்பது என்ன? 'என்னை விட்டுட்டு அவரைப் போய்ப் படிங்க' என்று நம் வாசகரை இன்னொருவரிடம் அனுப்பிவைப்பது. 'நான்' தன்னை மையத்திலிருந்து சற்றே நகர்த்திக்கொள்ளும் செயல் அது. ஓடையில் வாசகர் வெளியே போவது முதலாளிக்கு நட்டம். அங்கே நான் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை. யார் கண்ணில் நான் படலாம் என்பதை ஒரு கணக்கீடு தீர்மானிக்கிறது.

இதைச் சொல்வதால் பதிவுலகம் சமத்துவபுரமாக இருந்தது என்று ஆகிவிடாது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் முகப்பில் புதிய இடுகைகளும், அண்மையில் மறுமொழி பெற்றவையும் வரிசைகட்டின. மேலே வரணும்னா பின்னூட்டம் வேணும். அதற்குக் கும்மியடிக்கக் கூட்டம் வேணும். கணினியும் அலுவலக ஓய்வும் வாய்த்தவர்களுக்கே கூட்டம் எளிதில் சேர்ந்தது. யார் யாருக்குத் தொடுப்புக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதிலும் சாதி உண்டு, ஆண்மையம் உண்டு. ஆனால் விதி கண்ணுக்குத் தெரிந்தது. 'பின்னூட்டக் கயமை' என்று பெயர் வைத்துக் கேலிபேச முடிந்தது. திரட்டிக்காரர்களோடு சண்டை போட முடிந்தது. ஓடையின் விதியோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆகவே, 'சொந்தக் கதையை விட்டு அரசியல் எழுது' என்ற பழைய தோழமைக் கட்டளை இங்கே உதவாது. சொந்தக் கதையை எழுதுவோம். ஒடுக்கப்பட்டவரின் 'நான்' ஒருபோதும் ஒற்றை ஆளாக இருந்ததில்லை. எழுதும்போதே இன்னொருவரின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கும் இடத்துக்கு வழியும் காட்டுவோம். வாசகர்களின் முகவரிகளை நம் கையில் வைத்துக்கொள்வோம். தோழர் ஒருவர் கைதான இரவில், செய்தி யாருக்குப் போகலாம் என்று நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது.