மேடையில் யார்? அட்டையில் யார்?

ராக் இசையின் வரலாறு என்றதும் கதைகள் குவிகின்றன. 1967-இல் மாண்டரே விழா மேடையிலே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிதாருக்குத் தீ வைத்தார். 1969-இல் பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் தம் அலுவலக மொட்டைமாடியில் நின்று பாட, போலீசார் படியேறி வந்தனர். சுவையான செய்திகள்தாம், மறுப்பாரில்லை. ஆயினும், சுவைத்து முடித்தபின் சிந்திக்கவும் வேண்டாமா? இக்கதைகளில் இருப்போர் யார் என்பதை அறிந்தோம், இல்லாதோர் யார்?

பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காகவே எழுதப்பட்டது 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டு. 1953-இல் அவர் குரலில் வெளிவந்து வெற்றி பெற்றது. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். உலகம் அதை எல்விஸ் பாட்டு என்றது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றே என்று தார்ன்டன் கூறிவந்தார். குரல் ஒருவருடையது, கொற்றம் மற்றவருடையது!

சிஸ்டர் ரோசெட்டா தார்ப் கதையோ இன்னும் உருக்கமானது. எல்விசுக்கு முன்பே மின்கிதாரை முழக்கிய கறுப்பின அம்மையார் அவர். 1964-இல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில், மழையில் நனைந்த நடைமேடையில் நின்று மழையைப் பற்றிய பாட்டையே பாடினார். எதிர் நடைமேடையில் அமர்ந்திருந்த இளைஞர் கூட்டம் கிறங்கிப்போயிற்று. 1973-இல் அவர் மறைந்தார். அமெரிக்காவின் ராக் புகழ்மன்றம் 1986-இல் எல்விசை முதல் வரிசையில் அமர்த்தியது. தார்ப்புக்கு இடமளித்ததோ 2018-இல். இடைவெளி முப்பத்திரண்டு ஆண்டுகள்!

கடல்கடந்த கதை நமக்கேன் என்பீர். அதே 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை எழுந்தது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அதில் முதன்முதலாக முழங்கியது. 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. மின்கிதாரின் பக்கத்தில் பறை. ராப்பின் பக்கத்தில் கானா. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். பின்வந்த சமுதாயமோ அதைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தியது. தா.பழூர் போன்ற சிற்றூரில் பிறந்தவர்க்கு இதை விளக்கவா வேண்டும்? வாசலில் நின்ற பறை மேடையின் நடுவே வந்ததே, அதுதான் நம் நாட்டு ராக் வரலாற்றின் மறக்கவொண்ணா நிகழ்ச்சி.

குறையே இல்லையா? உண்டு. சில பாடல்களில் முழக்கம் முந்துகிறது, கவிதை பிந்துகிறது. ஆனால் இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடுபொருளாக்கத் துணிந்த மேடை வேறு எது? கானா என்பது ஆண்களின் களம் என்றிருந்த நிலையை இசைவாணியின் குரல் தகர்த்ததே, அது சிறு செயலா?

2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அக்குழுவில் வளர்ந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து வரிகளை எடுத்தார். தீயுடன் இணைந்து பாடினார். கோடிக்கணக்கானோர் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை! இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டனர். பின்னரே அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. கூட்டுழைப்பில் யார் பங்கு எவ்வளவு என்று வாதிடலாம். நிலமற்ற மக்களின் கதையைச் சொன்னவனுக்கு அட்டையிலும் நிலமில்லை என்பதை எவ்வாறு ஏற்பது?

தார்ப்புக்கு நேர்ந்த மறதி முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. அறிவுக்கு நேர்ந்ததோ, கேள்வி கேட்கப்பட்டதால், சில நாள்களில் தட்டித் திருத்தப்பட்டது. வரலாறு தானாகத் திருந்துவதில்லை, கேட்பவர் திருத்துகிறார். என் மாணவர்கள் கைப்பேசியில் இப்பாடல்களைக் கேட்கின்றனர், கேட்கட்டும். ஆடட்டும், பாடட்டும்! அத்துடன், இதை ஆக்கியோர் யார், அவர் பெயர் எங்கே என்றும் கேட்கட்டும். இசையறிவின் முதற்பாடம் அந்தக் கேள்வியே.