சிறையிலிருந்து சென்ற மடல்கள்: அபூஃபிராஸின் 'ரூமிய்யாத்'

அரபுக் கவிதையின் தொடக்கமே பிரிவுதான். ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர், கூடாரம் பெயர்த்துச் செல்லப்பட்ட இடத்தில் நின்று, எஞ்சிக் கிடக்கும் அடுப்புக் கற்களைப் பார்த்து அழுதார். கஸீதாவின் முகப்பாக அமைந்த அந்த 'நஸீப்' பகுதி பல நூற்றாண்டுகள் மரபாக நிலைத்தது. ஆயினும் அதில் அழுபவர் இருக்கிறார், கேட்பவர் இல்லை. கல்லிடம் சொன்ன துயரத்திற்கு மறுமொழி வருவதில்லை. பிரிந்தவரை நினைந்து உருகுவது ஒன்று. பிரிந்தவரோடு உறவைப் பேணுவது வேறொன்று. இந்த இரண்டாவது பணியை முழுமையாகச் செய்த அரபுக் கவிதைகள் என்று நாம் கருதுவது, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் அபூஃபிராஸ் அல்ஹம்தானி பாடிய 'ரூமிய்யாத்'தையே.

அபூஃபிராஸ் (கி.பி. 932 – 968) ஹலபை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவின் தந்தையுடன் பிறந்தவரின் மகன். மூன்று வயதளவில் தந்தையை இழந்தார். தாயின் அரவணைப்பிலும் ஸைஃபுத் தவ்லாவின் ஆதரவிலும் வளர்ந்து மன்பிஜ் நகரின் ஆளுநரானார். கி.பி. 962இல் ரோமர்களிடம் சிறைப்பட்டார். கர்ஷனாக் கோட்டையிலும் பின்னர் குஸ்தன்தீனிய்யாவிலும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கைதியாக இருந்தார். தம் உறவினரை மட்டும் தனியே மீட்க ஸைஃபுத் தவ்லா முன்வரவில்லை. 966இல் நடந்த பொதுக் கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவருக்கு விடுதலை கிட்டியது. ரோம நாட்டுச் சிறையிலிருந்து எழுதப்பட்டமையால் இக்கவிதைகள் 'ரூமிய்யாத்' எனப் பெயர் பெற்றன. அவருடைய தாயும் ரோமக் குலத்தில் பிறந்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தாய் பிறந்த இனத்தாரின் நாட்டில் மகன் சிறையிருந்தார். தாயோ மகனின் நாட்டில் தனித்திருந்தார்.

ஸஆலிபீ தமது 'யதீமதுத் தஹ்ர்' நூலில் இக்கவிதைகளைப் போற்றி எடுத்துரைத்தார். இப்னு காலவைஹி கவிஞரின் திவானைத் தொகுத்தளித்தார். எனினும் நம் அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் முதனப்பி பெறும் இடத்தை அபூஃபிராஸ் பெறுவதில்லை. அவரை அறிந்தோரும், உம்மு குல்ஸூம் பாடிப் புகழ்பெற்ற, கண்ணீரை அடக்கும் வீரனின் கவிதையைக் கொண்டே பெரிதும் அறிவர். அதன் இசையும் மிடுக்கும் மறுக்கவியலாதவை. ஆனால் ரூமிய்யாத்தின் உயிர் அங்கே இல்லை என்பது நம் கருத்து. அது தாய்க்கும் அண்ணன் முறையினரான ஸைஃபுத் தவ்லாவுக்கும் எழுதிய கவிதைகளில் இருக்கிறது. அவை கவிதைகளாவதற்கு முன் கடிதங்கள். பெறுபவர் யார், அவர் நிலை என்ன, அவரிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்ற கணக்கு அவற்றில் அடிதோறும் ஓடுகிறது.

தாய்க்கு எழுதிய கவிதைகளை எடுத்துக்கொள்வோம். காயம்பட்டுக் கிடந்த நிலையில் எழுதிய ஒன்றில், ஆறுதல் தேட வேண்டியவரே ஆறுதல் சொல்கிறார். அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பறிகொடுத்த அன்னை அஸ்மா (ரலி) அவர்களையும், உஹதில் ஹம்ஸாவை (ரலி) இழந்த ஸஃபிய்யா (ரலி) அவர்களையும் தாய்க்கு முன்மாதிரியாகக் காட்டிப் பொறுமையை வேண்டுகிறார். மன்பிஜிலுள்ள அந்த முதியவள் இல்லையெனில் மரணத்தை நான் அஞ்சியிருக்கமாட்டேன் என்ற கருத்தை வேறொரு கவிதையில் வைக்கிறார். தாய் நோயுற்ற செய்தி கேட்டு எழுதிய கவிதையிலோ, சிறையிலிருந்தவாறே அவருடைய நாளைக் காண்கிறார். வழிப்போக்கர்களான சவாரிகளை நிறுத்தி, கர்ஷனாவில் என் மகனைக் கண்டீர்களா என்று அவர் கண்ணீருடன் வினவிக்கொண்டிருக்கிறார். உன்னை நினைத்து வாடுகிறேன் என்று சொல்வது எளிது. அது சொல்பவரைப் பற்றிய செய்தி மட்டுமே. நீ இந்நேரம் எப்படி இருப்பாய் என்று எண்ணிப் பார்ப்பதே தொலைவைக் குறைக்கிறது. அபூஃபிராஸ் அதைச் செய்கிறார்.

ஸைஃபுத் தவ்லாவுக்கு எழுதியவற்றின் குரல் வேறு. அங்கே 'இதாப்' எனப்படும் உரிமைக் கண்டிப்பு மேலோங்குகிறது. நீர் விசாலமான மாளிகையில், நாங்கள் பாறையில். நீர் மெல்லாடை மாற்றுகிறீர், எங்களுக்கு மாற்றக் கிடைக்காத கம்பளியாடை. நீர் குதிரையேறுகிறீர், நாங்கள் விலங்குகளைச் சுமந்து நடக்கிறோம் என்று நிரல்படுத்துகிறார். இன்னொரு கவிதையில், உம் கடிதங்களே எனக்கு நேர்ந்த துன்பங்களோடு மற்றொரு துன்பமாகிவிட்டனவே என்று கேட்கிறார். சில திறனாய்வாளர்கள் இதனைப் பொறுமையின்மை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நியரை எவரும் இப்படிக் கடிந்துகொள்வதில்லை. கண்டிப்பு இருக்கும் வரை அன்பும் இருக்கிறது என்பது அரபுகளின் பழைய தெளிவு. உறவை அறுப்பது கோபமன்று, மௌனம். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து குறைகூறிய இம்மனிதர் ஒரு நாளும் மௌனியாகவில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒப்புநோக்க ஓர் இடமுண்டு. சிறைக்கருகே கூவும் புறாவைக் கவிஞர் விளிக்கும் கவிதையைப் படிக்கும்போது, நம் தூது இலக்கிய மரபில் பழகிய மனம், அப்புறாவை அவர் தாயிடம் அனுப்புவார் என எதிர்பார்க்கும். அவர் அனுப்பவில்லை. என் கவலைகளில் உனக்கும் பங்கு தருகிறேன், வா என்று அதனை அருகில் அழைக்கிறார். செய்தி கொண்டுசெல்ல அவருக்குக் கடிதங்கள் உண்டு. அவர் தேடியது உடனிருந்து கேட்க ஓர் உயிரை. கடிதம் எத்தனை சென்றாலும் அது நிரப்பாத இடம் ஒன்று உண்டு என்பதை இக்கவிதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது.

குறைகளும் இல்லாமலில்லை. குலப்பெருமை அவரை எளிதில் விடுவதில்லை. தாய்க்கு எழுதும்போதும் போர்க்களத்தில் தாம் நின்ற நிலையை இடையிடையே பேசுகிறார். ஒரே முறையீட்டைப் பல கவிதைகளில் திருப்பிச் சொல்கிறார். ஆயினும் கடிதம் எழுதுபவர் அனைவரும் சொன்னதையே சொல்பவர்தாம். சென்ற கடிதம் சேர்ந்ததா என்ற ஐயம் அவர்களை அப்படிச் சொல்லவைக்கிறது.

இத்தொகுதியின் சிகரம், மகன் சிறையில் இருக்கும்போதே இறந்துபோன தாய்க்கான இரங்கற்பா. மகனை மீட்க வேண்டி ஹலபு வரை சென்று வெறுங்கையுடன் திரும்பிய தாய் அவர். கைதியின் தாயே என்ற விளி அக்கவிதையில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. விடுதலைச் செய்தியைக் கொண்டுவருபவர் இனி யாரிடம் செல்வார் என்று மகன் கேட்கிறார். பிறகு தாய்க்காக யார் யார் அழ வேண்டும் என்று பட்டியலிடுகிறார். கொதிக்கும் நண்பகலில் அவர் நோன்பிருந்த நாட்கள், விடியும் வரை நின்று தொழுத இரவுகள், அவரிடம் அடைக்கலம் பெற்றவர்கள், அவர் கைகொடுத்த ஏழைகள். ஜனாஸாவில் நிற்க இயலாத மகன், தாயின் அன்றாடத்தை முழுவதும் அறிந்தவராக இருக்கிறார். அந்த அறிவே அவருடைய கண்ணீருக்குச் சொல் கொடுத்தது.

இக்கவிதையை இன்று நாம் படிக்க வேண்டிய காரணமும் இதுவே. முன்பு பினாங்குக்கும் கொழும்புக்கும், பின்னர் வளைகுடாவுக்கும் சபர் சென்றவர்களின் சமுதாயம் நம்முடையது. தாயின் மவுத்துச் செய்தி எட்டியும் ஜனாஸாவுக்கு வந்து சேர இயலாத மக்கள் நம் ஊர்கள்தோறும் உள்ளனர். இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். கர்ஷனாவின் கைதிக்கு அது கனவிலும் கிட்டாதது. ஆனால் அப்பேச்சு பெரும்பாலும் பணம் சேர்ந்ததா, மருந்து வாங்கியாயிற்றா என்பதோடு முடிந்துவிடுகிறது. உம்மா இப்போது யாருடன் அமர்ந்து உண்கிறார், எந்த வக்தில் உடல் தளர்கிறார், அவரைத் தேடி வருபவர் யார் என்பது கேட்கப்படாமலே போகிறது.

உறவைச் சேர்ந்து வாழ்பவர் பதிலுக்குப் பதில் செய்பவர் அல்லர், துண்டிக்கப்பட்ட நிலையிலும் இணைப்பவரே என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஸைஃபுத் தவ்லாவின் கடுமைக்குப் பின்னும் அபூஃபிராஸ் எழுதிக்கொண்டே இருந்தார். ரூமிய்யாத்தை வீரக் கவிதையாகக் கற்பிக்கும் நம் வகுப்பறைகள், அதனை ஸிலத்துர் ரஹ்மின் இலக்கியமாகவும் கற்பிக்க வேண்டும். நாளை கடல் கடக்கவிருக்கும் மாணவர்களும் அவ்வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.