அடியாத மாடும் அறியாப் பிள்ளையும்

"அடியாத மாடு படியாது" என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் மகளுக்கும் சொல்லி, வீடுதோறும் பிரம்புக்கு முடிசூட்டி விட்டோம். பழமொழி என்பதாலேயே அது பகுத்தறிவின் சோதனைக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா?

படிதல் என்றால் பணிதல். ஏரில் பூட்டப்படும் மாடு பணிந்தால் போதும்; ஏன், எதற்கு என்று அது கேட்க வேண்டியதில்லை. நம் பிள்ளை கேட்க வேண்டும்! கேட்கப் பிறந்தவனுக்குப் பணியப் பழக்குவது வளர்ப்பா, வதைப்பா?

நம் இலக்கியம் இதில் இரு குரலில் பேசுகிறது. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர், அடியவர் கோலத்தில் வந்தவர் கேட்டதற்காக, ஒரே மகன் சீராளனை அறுத்துக் கறி சமைக்கிறார்; தாய் பிடித்துக் கொள்கிறாள். பிள்ளையிடம் ஒரு சொல் கேட்பார் அங்கே எவருமில்லை. மாண்ட மகன் மீண்டு வந்தான் என்று கதை முடிகிறது. முடிவு எதுவாயினும், பிள்ளை பெற்றவரின் உடைமை என்ற எண்ணமே அதன் அடித்தளம்.

புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி வேறொரு வீட்டைக் காட்டுகிறான். குறுநடை நடந்து வரும் குழந்தை, நெய்ச்சோற்றில் கையை விட்டுத் துழாவி, மேலெல்லாம் பூசிக் கொள்கிறது. மன்னன் அதைக் கண்டு மகிழ்கிறான். அதே சோறு நம் வீட்டில் சிந்தினால் விழுவது என்ன? அறை!

வள்ளுவர் மக்கட்பேற்றுக்குப் பத்துக் குறள் வகுத்தார். ஒன்றிலேனும் பிரம்பு உண்டா? மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடமை என்றார். வீட்டிலேயே வாயடைக்கப்பட்ட பிள்ளை எந்த அவையில் முந்தி நிற்கும்?

"அப்படியானால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதா?" என்பீர்கள். இல்லை, தோழர்களே! வயலுக்கு வரப்பு வேண்டும். வரப்பு நீரை நிறுத்தும், பயிரை மிதிக்காது. வளையமாதேவியில் 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, நின்ற நெற்பயிரை மண்வாரி இயந்திரங்கள் அழித்தபோது நாடே கொதித்தது. வளரும் பயிருக்காகப் பதறிய நெஞ்சம், வளரும் பிள்ளைக்காகப் பதற வேண்டாமா?

உறங்கும் நேரம் இது என்று உறுதியாகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். சிந்திய சோற்றை அவனையே துடைக்கச் சொல்லுங்கள். பிறர் முன்னால் இழித்துரைக்காதீர்கள். தவறு உங்களுடையதானால், "தவறிவிட்டேன்" என்று அவனிடமே சொல்லுங்கள். அதுவே வரப்பு.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. அதற்கான வழிகாட்டு நெறிகளைச் செயற்படுத்துமாறு 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஸ்வீடன் 1979இலேயே பெற்றோரின் கையையும் தடுத்தது. நம் கல்விச் சட்டமோ பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. வீட்டு வாசலைக் கடக்க வேண்டியது நம் அறிவு.

மேடையில் சுயமரியாதை முழங்கிவிட்டு வீடு திரும்பி, ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் கை ஓங்குபவன் எதை முழங்கினான்? அந்தப் பிள்ளைக்கும் ஒரு 'சுயம்' உண்டு. அதற்கும் ஒரு மரியாதை உண்டு. அதை முதலில் நம் வீட்டில் வழங்குவோம்!